ஐந்தடிப் பாதையும் சிறார் உலகமும்: ஜார்ஜ் டவுனின் 'கண்காணிப்பற்ற' இளமை குறித்துச் சில சிந்தனைகள்

மலேசியத் தமிழருள் இன்று அறுபது வயதைக் கடந்தவர்கள் ஒன்றுகூடும் இடங்களில் பேச்சு இளமைப் பருவத்தை நோக்கித் திரும்புமாயின், ஒரு தொடர் தவறாமல் இடம்பெறுவதை நாம் கேட்டிருக்கிறோம். "காலையில் வீட்டை விட்டு இறங்கினால் விளக்கு வைக்கும் நேரத்திற்குத்தான் திரும்புவோம், யாரும் எங்களைத் தேடியதில்லை" என்பதே அத்தொடர். தோட்டப்புறத்தில் வளர்ந்தவரும் இதனைக் கூறுவர். நகரத்தில் வளர்ந்தவரும் கூறுவர். இதனைத் தொடர்ந்து, இக்காலப் பிள்ளைகள் கைப்பேசிக்குள் அடைபட்டுக் கிடக்கிறார்கள் என்னும் பெருமூச்சும் எழும்.

இத்தொடரின் முற்பகுதி உண்மை என்பதற்கு நாமே சாட்சி. பினாங்கு மாநிலத் தலைநகரான ஜார்ஜ் டவுனில், குயின் தெரு, கிங் தெரு, சூலியா தெரு, மார்க்கெட் தெரு ஆகியவை பின்னிக் கிடக்கும் பழைய நகர்ப்பகுதியில் 1960களில் வளர்ந்தவர் நாம். மார்க்கெட் தெருவை எங்கள் வீட்டில் எவரும் அப்பெயரால் அழைத்ததில்லை, அது கடைத்தெரு. பள்ளி முடிந்தபின் எஞ்சிய பகற்பொழுது முழுவதும் எங்களுக்கே உரியதாக இருந்தது. எனினும், "யாரும் தேடியதில்லை" என்னும் பிற்பகுதியை நாம் அவ்வளவு எளிதில் ஏற்றுக்கொள்வதற்கில்லை. நினைவும் ஒரு சான்றுதான். ஆனால் அது தன்னைச் சொல்பவருக்குச் சாதகமாகவே பேசும் சான்று. அந்த இளமையை இயலச் செய்தவை எவை, அதற்கான விலையை யார் கொடுத்தார், அது எப்போது எதனால் மறைந்தது என்பனவற்றைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தெருவில் ஆடுதல்

தெருவில் தம் விருப்பம்போல் ஆடும் சிறாரைத் தமிழ் இலக்கியம் நன்கறியும். கலித்தொகையின் 51-ஆம் பாடலில் கபிலர் காட்டும் தலைவி, தன்னை நாடி வந்தவனை அடையாளங்காட்டும்போது, சிறு வயதில் தெருவில் தாங்கள் கட்டிய மணல் வீட்டைக் காலால் சிதைத்தவன் என்றும், சூடிய மாலையை அறுத்தவன் என்றும், பந்தைப் பறித்துக்கொண்டு ஓடியவன் என்றுமே தோழிக்கு நினைவூட்டுகிறாள். அக்காட்சியில் பெரியவர் எவரும் இல்லை. சிறுவரும் சிறுமியரும் ஒரே தெருவில் ஆடுகின்றனர். வம்பும் அங்கேயே நடக்கிறது. ஆனால் பருவம் எய்திய தலைவியை நாம் காணும் இடம் வீடு. அருகில் அன்னை இருக்கிறாள். தெரு அவளுக்கு நினைவாகிவிட்டது; தெருவிலிருந்து வாயிலுக்கு வந்து நீர் கேட்கும் உரிமை அவனிடமே இருக்கிறது.

பிள்ளைத்தமிழ் இலக்கணத்திலும் இவ்வேறுபாடு தெளிவாகப் பதிந்துள்ளது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என அமைய, பெண்பாற் பிள்ளைத்தமிழில் அம்மானை, நீராடல், ஊசல் என்பன அமைகின்றன. ஆண்பிள்ளை பிறர் கட்டிய வீட்டைச் சிதைக்கிறான், பறையை முழக்குகிறான், தேரை உருட்டிச் செல்கிறான். நீராடல் ஒன்றை விடுத்தால், பெண்பிள்ளையின் ஆட்டங்கள் இருந்த இடத்திலேயே நிகழ்வன. இதனை நாம் பல ஆண்டுகள் வகுப்பில் கற்பித்திருக்கிறோம். ஆயினும், நம் சொந்த வீட்டிலும் இதுவே நடந்தது என்பதை உணர நமக்கு நெடுங்காலம் பிடித்தது.

ஐந்தடிப் பாதை

பழைய ஜார்ஜ் டவுனின் கடைவீடுகள் முகப்பில் குறுகியவை. உள்ளே மிக நீண்டவை. நடுவில் வெளிச்சத்திற்கும் காற்றுக்கும் வானம் பார்த்த முற்றம் ஒன்று இருக்கும். கீழ்த்தளத்தில் வணிகம், மேல்தளத்தில் குடியிருப்பு. மேல்தளம் மரப்பலகைத் தடுப்புகளால் பல அறைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வோர் அறையிலும் ஒரு குடும்பம் வாழ்ந்ததும் உண்டு. எங்கள் வீட்டில் அவ்வாறு நான்கு குடும்பங்கள் இருந்தன. அந்த அறைக்குள் பிள்ளைகள் விளையாடுவது என்பது நினைத்தும் பார்க்க இயலாத ஒன்று. துறைமுகத்தில் இரவு வேலை முடித்து வந்த தந்தை பகலில் உறங்க வேண்டும் என்றால், பிள்ளைகள் வெளியே போய்த்தான் ஆகவேண்டும். ஆகவே, எங்களுக்குக் கிட்டிய சுதந்திரம் பெற்றோரின் தாராள மனத்தினால் விளைந்தது என்பதைவிட, இடமின்மையால் விளைந்தது என்பதே பொருந்தும்.

வெளியே போவது என்றால் முதலில் வருவது ஐந்தடிப் பாதை. கடைவீடுகளின் முன்புறத்தில், மேல்தளத்தின் கீழே கூரையோடு தொடர்ந்து செல்லும் நடைபாதை இது. 1822-இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டத்தில், ஒவ்வொரு கட்டடத்தின் முன்னும் கூரையிட்ட தொடர்பாதை அமைய வேண்டும் என விதிக்கப்பட்டது. பின்னர் இவ்வமைப்பு நீரிணைக் குடியேற்றங்களின் பிற நகரங்களுக்கும் பரவியது. மலாயில் 'காக்கி லீமா' என்பர். தமிழர் பேச்சில் 'அஞ்சடி' என்று வழங்கியது. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி மக்கள் நடந்து செல்வதற்காக ஏற்பட்ட இப்பாதை, நடைமுறையில் கடையின் நீட்சியாகவும் வீட்டின் திண்ணையாகவும் மாறிவிட்டது. பூக்கட்டுபவர், பணம் மாற்றித்தருபவர், கச்சாங் பூத்தே விற்பவர், சலவைக்காரர், நகைத்தொழில் செய்பவர் ஆகிய அனைவரும் ஆளுக்கு ஓரடி இடம் பிடித்து அமர்ந்திருந்தனர். எஞ்சிய இடம் எங்களுடையது.

அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ், 1961-இல் வெளியான தம் நகரியல் நூலில், ஒரு தெருவைப் பாதுகாப்பது காவலரைவிடத் தெருவின் மேல் பதிந்திருக்கும் கண்களே என்று வாதிட்டார். அவர் நியூயார்க் நகரை மனத்தில் கொண்டு எழுதினார். அக்கருத்துக்கு எங்கள் அஞ்சடியைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைத்தல் அரிது. மூலைக்கடைக் காக்காவுக்கு எந்தப் பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை என்பது தெரியும். எதிர்வரிசைச் சீனத் தச்சர் எங்களுடன் ஹொக்கியனில் பேசுவார், திட்டுவதும் அம்மொழியிலேயே. நாங்கள் சாலையின் நடுவே ஓடியது வீட்டுக்குத் தெரியாது என எண்ணித் திரும்பினால், செய்தி எங்களுக்கு முன்பே மாடியேறியிருக்கும்.

எல்லைகளும் இருந்தன. எவரும் எழுதி வைக்கவில்லை என்பதால் அவை இல்லை என்றாகிவிடா. வெல்ட் கீ சாலையைத் தாண்டிக் கடலோரம் போகக் கூடாது. பாடாங் கோத்தா லாமா திடலுக்குப் போவதென்றால் பெரிய பையன் ஒருவன் உடன் வரவேண்டும். தண்ணீர்மலைக்குத் தைப்பூசத்தன்று மட்டும், அதுவும் குடும்பத்தோடு. காலத்தின் எல்லையைக் காட்டியது கடிகாரமன்று. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் மக்ரிப் தொழுகைக்கான அழைப்பு ஒலித்ததும், இந்துப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை என்ற வேறுபாடின்றி எல்லாரும் வீடு திரும்புவோம். தீபகற்ப மலேசியாவின் நேரம் 1982 சனவரி முதல் நாள் அரைமணி முன்தள்ளப்பட்டது; அதற்கு முன் அவ்வழைப்பு ஆறரை மணிக்கும் ஏழு மணிக்கும் சற்று முன்பின்னாக வரும். இன்று ஏழரை மணிக்கு வருகிறது என இளையவர்கள் கூறும்போது, எங்கள் மாலைப்பொழுதை அரசு நீட்டித் தந்தும் அதனை அனுபவிக்கப் பிள்ளைகள் இல்லையே என வேடிக்கையாக நினைத்துக்கொள்வோம்.

விளையாட்டும் சொல்லும்

தமிழாசிரியர்கள் கருத்தில் கொள்ள வேண்டிய பகுதி இதுவே எனக் கருதுகிறோம். தேவநேயப் பாவாணர் சொல்லாராய்ச்சியில் மூழ்கியிருந்தவர். எனினும், தமிழ்நாட்டு விளையாட்டுகளைத் தொகுத்துத் தனி நூல் ஒன்று செய்தார். விளையாட்டு என்பது சொற்களின் களஞ்சியம் என்பதை அவர் உணர்ந்திருந்தமையே அதற்குக் காரணம் எனலாம். இங்கிலாந்தில் அயோனா ஓப்பியும் பீட்டர் ஓப்பியும் பள்ளிச் சிறாரின் வழக்காறுகளைத் தொகுத்து 1959-இல் வெளியிட்ட நூல் பெரும் புகழ் பெற்றது. அவ்வழக்காறுகளைச் சிறார் பெரும்பாலும் பெரியவரிடமிருந்து கற்பதில்லை; மூத்த சிறாரிடமிருந்தே இளைய சிறார் கற்கின்றனர் என்பது அவர்கள் கண்ட உண்மை.

அஞ்சடியில் இவ்வுண்மை மூன்று நான்கு மொழிகளில் நிகழ்ந்தது. கோலி எங்களுக்குக் கோலி. மலாய்ச் சிறுவனுக்கு அது குலி. எவரும் எவருக்கும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. கிட்டிப்புள்ளை அவர்கள் 'கொண்டா கொண்டி' என்பர். நாங்கள் பாண்டி ஆடக் கட்டம் கீறினால் அவர்கள் 'தெங் தெங்' என்று வந்து சேர்ந்துகொள்வர். கிளித்தட்டும் 'காலா பாஞ்சாங்'கும் ஏறத்தாழ ஒன்றே. பல்லாங்குழிக்கும் 'சொங்காக்'குக்கும் உள்ள உறவை விளக்கத் தேவையில்லை. யார் முதலில் ஆடுவது என்பதை 'ஓ சோம்' சொல்லிக் கைநீட்டி முடிவு செய்தோம். அதன் பொருள் இன்றுவரை நமக்குத் தெரியாது, அன்று தேவைப்படவுமில்லை.

இச்சொற்களுள் ஒன்றனை மட்டும் சற்று விரிவாகக் காண்போம். 'ஒப்புக்குச் சப்பாணி' என்பது அச்சொல். ஆட்டத்தில் சேர்க்கப்பட்டும் சேர்க்கப்படாதவனாக நிற்கும் சிறு குழந்தையை இது குறிக்கும். அவன் ஓடலாம், கத்தலாம், தொடவும் செய்யலாம். ஆனால் அவன் தொட்டால் எவரும் ஆட்டமிழப்பதில்லை, அவனைத் தொட்டாலும் அவன் ஆட்டமிழப்பதில்லை. பிள்ளைத்தமிழின் சப்பாணிப் பருவம் கைகொட்டுதலைக் குறிப்பது. இங்கோ சப்பாணி என்பது நடக்கவியலாதவன் என்னும் வழக்குப்பொருளில் வருகிறது. இப்படியொரு பங்கு ஆட்டத்தில் ஏன் தேவைப்பட்டது? எட்டு வயதுப் பிள்ளையின் இடுப்பிலோ கைப்பிடியிலோ இரண்டு வயதுத் தம்பியோ தங்கையோ இருந்தமையால்தான். தாய் வேலைக்குச் சென்றாள். குழந்தை அக்காளிடமோ அண்ணனிடமோ ஒப்படைக்கப்பட்டது. ஒப்படைக்கப்பட்டவரும் விளையாட வேண்டும், குழந்தையும் கண்பார்வையில் இருக்க வேண்டும். இச்சிக்கலுக்குச் சிறாரே கண்ட தீர்வுதான் ஒப்புக்குச் சப்பாணி. எவரும் கண்காணிக்கவில்லை என்று நாம் சொல்லும் அக்காலத்தில், எட்டு வயதில் நாமே கண்காணிப்பாளராக இருந்தோம் என்பதற்கு இச்சொல்லே சான்று.

1967 நவம்பர் 24

இக்கண்காணிப்பு வெளிப்படையாகக் கண்ணுக்குப் புலப்பட்ட நாள் ஒன்று உண்டு. 1967 நவம்பரில் பிரிட்டன் தன் நாணயமான பவுண்டின் மதிப்பைக் குறைத்தது. அதன் விளைவாகப் பழைய மலாயா வெள்ளியின் மதிப்பும் குறைந்தது. புதிய மலேசிய வெள்ளியின் மதிப்பு குறையவில்லை. பழைய தாள்களையும் காசுகளையும் கையில் வைத்திருந்த எளிய மக்கள் இழப்புக்கு ஆளாயினர். இதனை எதிர்த்து நவம்பர் 24 அன்று பினாங்கில் நடந்த கடையடைப்பு கலவரமாக மாறி, ஊரடங்கில் முடிந்தது.

அன்று காலை நாங்கள் எட்டுப் பேர் அஞ்சடியில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தோம். கடைகள் மூடியிருந்ததால் இடம் தாராளமாக இருந்தது. அதுவே எங்களுக்குப் பெரிய மகிழ்ச்சி. தெருமுனையில் ஏதோ ஓசை. அதற்குள் மாடிச் சன்னல்களின் மரப்பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. ஒவ்வொரு சன்னலிலிருந்தும் ஒரு பெண்ணின் குரல், தன் வீட்டுப் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைத்தது. தமிழில், மலாயில், ஹொக்கியனில். பம்பரங்கள் சுற்றி ஓய்வதற்குள் தெருவில் ஒரு பிள்ளைகூட இல்லை. அத்தனை சன்னல்களுக்குப் பின்னும் எப்போதும் ஒருவர் இருந்திருக்கிறார் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. தெரிந்ததை உடனே மறந்தும்விட்டோம்.

எம்மை அழைத்த குரல் எம் தமக்கையுடையது. அப்போது அவருக்குப் பதின்மூன்று வயது. ஆறாம் ஆண்டு முடித்ததோடு படிப்பு நின்றது. பூப்பெய்தியபின் அஞ்சடியும் நின்றது. அதற்கு முந்திய ஆண்டுவரை பாண்டி ஆட்டத்தில் அவரை வெல்ல எங்கள் தெருவில் ஆளில்லை. இப்போது பட்டர்வொர்த்தில் வசிக்கும் அவரிடம், இக்கட்டுரைக்காக, "அந்தக் காலத்தில் நம்மை யாரும் தேடினதில்லையே அக்கா" என்று பேச்சைத் தொடங்கினோம்.

"யார் சொன்னது? நீங்க விளையாடினீங்க தம்பி. நான் மேலே நின்னு எண்ணிக்கிட்டு இருந்தேன். எட்டுத் தலை. ஒண்ணு குறைஞ்சா எனக்கு வயிறு கலங்கும்" என்றார்.

ஒருநாள் ஒன்று குறைந்தது. எல்லை தாண்டிக் கடலோரம் போனவர்களுள் ஒருவன் படகுத்துறைப் படிக்கட்டில் வழுக்கி விழுந்தான், மீளவில்லை. அவன் பெயரை இங்கு எழுதுவது முறையன்று. பழைய நண்பர்கள் கூடும் விருந்துகளில் அவனைப் பற்றி எவரும் பேசுவதில்லை. நம்மையெல்லாம் தெரு பத்திரமாக வளர்த்தது என்று கூறுபவர் அனைவரும் பத்திரமாக வளர்ந்தவர்களே அல்லவா? தமக்கை மட்டும் இன்றும் எட்டு என்றே சொல்கிறார்.

தெரு காலியானது

இவ்வுலகம் தொலைக்காட்சியாலோ கைப்பேசியாலோ மட்டும் அழிந்தது என்பது பொதுவான எண்ணம். மலேசியாவில் தொலைக்காட்சி 1963 டிசம்பரில் தொடங்கியது. அதன் பின்னரும் பல ஆண்டுகள் அஞ்சடியில் பிள்ளைகள் இருந்தனர். ஜார்ஜ் டவுனைப் பொறுத்தவரை, வீட்டு வாடகைக்கு இதில் பெரும்பங்கு உண்டு. 1948 சனவரி 31-க்குள் கட்டப்பட்ட கட்டடங்களுக்கு, 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் வாடகையை உயர்த்த இயலாதிருந்தது. குறைந்த வாடகையால் உரிமையாளர்கள் கட்டடங்களைப் பழுதுபார்க்கவில்லை, கூரைகள் ஒழுகின. ஆயினும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே தெருவில் தங்கின. 1997-இல் அச்சட்டத்தை நீக்கும் சட்டம் நிறைவேறி, இடைக்கால ஏற்பாடும் 1999 இறுதியோடு முடிவுற்றது. 2000-ஆம் ஆண்டு தொடங்கி வாடகைகள் ஏறின. பல குடும்பங்கள் புறநகர் அடுக்குமாடிகளுக்கும் கடலுக்கு அப்பாலுள்ள பெருநிலப் பகுதிக்கும் குடிபெயர்ந்தன. எங்கள் நான்கு குடும்பங்களும் நான்கு இடங்களுக்குச் சென்றன. 2008 சூலையில் மலாக்காவுடன் சேர்த்து ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைத் தளமாக அறிவிக்கப்பட்டபோது, அத்தளத்தின் எல்லைக்குள் வாழ்ந்தோர் ஏறத்தாழ 10,000 பேரே. கட்டடங்கள் காக்கப்பட்டன. அதில் நமக்கு மகிழ்ச்சியே. எனினும், அஞ்சடியில் இன்று பம்பரம் விடும் வெண்கலச் சிறுவனை நிறுத்திவைக்கலாம்; சன்னலுக்குப் பின்னிருந்து எண்ணுபவரை எங்கிருந்து கொணர்வது?

சிறார் தாமே நடமாடும் உரிமை குறைந்தது பினாங்கில் மட்டுமன்று. இங்கிலாந்தில் ஏழு, எட்டு வயதுச் சிறாருள் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குச் சென்றோர் 1971-இல் 80 விழுக்காடு. 1990-இல் 9 விழுக்காடு. மேயர் ஹில்மனும் அவர்தம் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட கணக்கு இது. பெருகிய ஊர்திகளே அவர்கள் முதன்மையாகச் சுட்டிய காரணம். மலேசியாவிலோ, 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, தக்க மேற்பார்வைக்கு ஏற்பாடு செய்யாமல் பிள்ளையை விட்டுச் செல்வதைக் குற்றமாக்கியுள்ளது. எம் தாயார் அன்று செய்தது இப்பிரிவின்கீழ் வருமா என்று சட்டம் பயின்ற மாணவர் ஒருவர் நம்மைக் கேட்டார். தக்க ஏற்பாடு என்பதில் பதின்மூன்று வயது அக்காளும் மூலைக்கடைக் காக்காவும் அடங்குவார்களா என்று நாம் அவரைத் திருப்பிக் கேட்டோம். இருவருக்கும் விடை கிடைக்கவில்லை.

இந்நிலையில் தமிழாசிரியர்கள் செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. மரபு விளையாட்டு விழா என்னும் பெயரில் ஆண்டுக்கொரு நாள் பள்ளித் திடலில் கோலியும் பம்பரமும் வழங்குவது நன்றே. ஆனால் ஆசிரியர் விசிலடித்து நடத்தும் விளையாட்டில் ஒப்புக்குச் சப்பாணிக்கு இடமில்லை. அதைவிட, மாணவர் தம் பாட்டி தாத்தாவிடம் சென்று விளையாட்டுச் சொற்களைக் கேட்டு, அவர் வளர்ந்த தெருவின் பெயரோடும் ஆண்டோடும் எழுதி வருமாறு பணிக்கலாம். பாட்டிமாரிடம் முதலில் கேட்கச் சொல்லுதல் வேண்டும். நாம் அத்தவற்றைச் செய்தோம். அறுபதுக்கு மேற்பட்ட சொற்களைப் பழைய தோழர்களிடம் திரட்டி, பட்டியல் நிறைவுற்றது எனக் கருதி, தமக்கையிடம் படித்துக் காட்டினோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பல்லாங்குழியில பசு எங்கே?" என்றார். குழியில் நான்கு காய் சேர்ந்தால் அது பசு, எடுத்துக்கொள்ளலாம். எங்களில் எவருக்கும் அது நினைவில்லை, ஏனெனில் எங்களில் எவரும் மாடியில் ஆடியதில்லை.

பலகை வாங்க வசதியில்லாததால், மாடித் தரையின் மரப்பலகையில் கரித்துண்டால் பதினான்கு வட்டங்கள் வரைந்து, சன்னலுக்கு அருகிலேயே ஆடினார்களாம். ஒரு கண் புளியங்கொட்டையில், ஒரு கண் தெருவில். அன்று பிற்பகல் முழுவதும் அவர் சொல்ல, நாம் எழுதினோம். பட்டியலில் இருபத்து மூன்று சொற்கள் கூடின.